சம்பந்தி வீட்டு ஒயினில் நான் கண்டுபிடித்த குறைகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்க உத்தரவு இருந்தால்),

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. ஆனால் என் மனைவி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னுடன் பேசவில்லை. மகள் பேசுகிறாள், அதற்கு அவளும் பேசாமலே இருக்கலாம். ஆகவே தங்கள் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.

உங்கள் தோட்டத்து ஷார்டனே என்கிற வெள்ளை ஒயினை ருசி பார்க்க என்னையும் ஒரு மனிதனாக மதித்துக் கூப்பிட்டீர்கள். அடுத்த தோட்டத்துத் திராட்சை ஒன்றுகூடக் கலக்காமல், உங்கள் ஒரே சரிவில் விளைந்ததை மட்டும் பிழிந்தது என்று இரண்டு முறை சொன்னீர்கள். எதிரே ஓட்டல்காரர். அவர் தலையசைத்தால் இந்த வருடத்து ஒயின் முழுவதும் அவருக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன், அதுதான் வெட்கக்கேடு.

எல்லாரும் ருசி பார்க்கிற வழக்கப்படி ஒயினை வாயில் சுழற்றிவிட்டு அந்த வெள்ளி வாளியில் துப்பினார்கள். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில், சம்பந்தி முகத்துக்கு நேரே எப்படித் துப்புவது? மரியாதையாக விழுங்கினேன். "மாமாவுக்குப் பிடிச்சிருக்கு போல"ன்னு உங்க பிள்ளை மறுபடி ஊத்தினார். மாப்பிள்ளை ஊத்தினதை வேண்டாம்னு சொல்ல முடியுமா, அதையும் விழுங்கினேன். அவர் ஊத்த ஊத்த நான் விழுங்க விழுங்க, மரியாதை கூடிக்கிட்டே போச்சு. நண்டும் இறாலும் சிப்பியும் ஐஸ் மேல பரப்பியிருந்தது. நீங்க கை வைக்காம நான் எப்படி வைக்கிறது? நீங்களோ நான் தொடட்டும்னு காத்திருந்தீங்க. ஓட்டல்காரர் மட்டும் கூச்சமே இல்லாம தட்டைக் காலி பண்ணிட்டிருந்தார். எனக்கு வெறும் வயிறு. அந்த நேரம் பார்த்து அவர், "சார், நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?"ன்னார்.

நான் குடிநீர் வாரியத்துல தண்ணி பரிசோதிச்சே ரிட்டயர் ஆனவன். நிறம் இருந்தா குறை, மணம் இருந்தா குறை, ருசி இருந்தா பெரிய குறை. கண்ணாடிக் கோப்பையில எதைக் கொடுத்து எப்படின்னு கேட்டாலும் என் வாய் தானா அறிக்கை வாசிக்கும். வாசிச்சிடுச்சு. எழுந்து நின்னு, கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, "மஞ்சள் தட்டுது. வெண்ணெய் வாடை அடிக்குது, பீப்பாயைச் சரியா கழுவலை. கடைசியில உப்புக் கரிக்குது, எங்கேயோ கடல் தண்ணி கசிஞ்சிருக்கு. இதை நான் விநியோகத்துக்கு விடமாட்டேன்" என்றேன். வாளியைத் தட்டித் தட்டிச் சொன்னதாக மகள் சொல்கிறாள்.

ஓட்டல்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சம்பந்திக்குக் கொஞ்சம் களைப்பு" என்று என் கையைப் பிடித்துக் கார் வரைக்கும் கூட்டிப்போனீர்கள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

"அவங்க கல்யாணம் வேண்டாம்னு சொல்லமாட்டாங்கப்பா, அவ்வளவு நல்லவங்க. இனிமே நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?" என்று மகள் அழுதபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் வாய்க்கொழுப்பை அவள் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கல்யாணத்தன்று பிள்ளைகள் திறக்கட்டும் என்று நீங்கள் அன்று நாங்கள் வந்திறங்கியதும் வாசலிலேயே கொடுத்த பாட்டில், அந்தச் சரிவின் முதல் விளைச்சலில் மிஞ்சிய ஒரே பாட்டில், துண்டில் சுற்றி என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கமே போகமாட்டேன். இந்த ஜன்மத்தில் இனி ஒயினைத் தொடமாட்டேன், எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், என்னைப் பற்றி அவர் சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் என் சம்மதம்.

தலைகுனிந்து,
பெண்ணின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டறதுக்குள்ள ஒண்ணு நடந்துபோச்சு. மனைவி இறால் வறுத்தா. மனசு கேக்கலை, உப்பு நிஜமாவே இருந்ததான்னு ஒரு மறுபரிசோதனை, ஒரே ஒரு வாய்னு ஆரம்பிச்சேன். இறாலைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சா, சம்பந்தி, நான் குறைன்னு சொன்ன அத்தனையும் இறாலுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. மனைவியும் ஒரு வாய் பார்த்துட்டு, "இதையா குறை சொன்னீங்க?"ன்னு ஞாயித்துக்கிழமைக்கப்புறம் முதல் தடவையா பேசினா. அவளும் துப்பலை. மாதிரி முழுவதும் பரிசோதிக்கப்பட்டது, விநியோகத்துக்கு உகந்தது. ஓட்டல்காரர் விலாசம் அனுப்பினால் இதையே கையெழுத்துப் போட்டு அவருக்கும் எழுதுகிறேன். அந்தக் கல்யாணப் பாட்டில் காலியான விஷயம் மகளுக்கு இன்னும் தெரியாது. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க, நீங்க சொன்னா கேப்பா.