தூக்கத்தை ரகம் பிரித்தவர்

நடந்தது இதுதான்:

1. மதியம் இரண்டரை மணிக்கு, இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் தலை சாய்த்துத் தேவி தூங்கிவிட்டாள்.
2. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தார்.
3. சூப்பர்வைசர் ஃபாதர் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் ஒரே ஒரு சொல் எழுதினார்.
4. ஆம்புலன்ஸ் வந்தது.

ஃபாதரைப் போல் தூக்கத்தை அறிந்தவர் கும்மிடிப்பூண்டியில் மட்டுமல்ல, கொல்கத்தா நெடுஞ்சாலை போய் முடிகிற இடம் வரைக்கும் கிடையாது. பாதிரியாராகப் படிக்கப் போய், நான்காம் வருடம் திரும்பி வந்து, கல்யாணம் செய்து மூன்று பெண்களைப் பெற்றவர். செமினரியில் மிச்சமானது இந்தப் பட்டப்பெயரும் கொஞ்சம் லத்தீனும்தான். அந்த லத்தீனிலும் தூக்கம், மந்தம், சோம்பல் இவற்றுக்கான சொற்கள் மட்டுமே.

"மத்த பாடத்துலல்லாம் தூங்கிட்டேம்மா. தூங்கினதுக்குத் திட்டின வார்த்தைங்க மட்டும் மனசுல நின்னுக்கினு இருக்குது" என்பார்.

கார் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நான் தர ஆய்வு இன்ஜினியர். கீறல், பிசிறு, வெடிப்பு என்று குறைகளை வகைப்படுத்துவது என் வேலை. அவர் அதை ஆட்களுக்குச் செய்தார். கேன்டீன் பிரியாணிக்குப் பின் கைகால் மரத்துப்போவது 'டோர்போர்'. வேலை செய்ய மனமே இல்லாத சுத்தச் சோம்பல் 'பிக்ரித்சியா'. ஒரு மீட்டிங்கில் மேனேஜருக்கே கண் சொக்கியபோது, "இது வெத்தேர்னுஸ் சார்" என்றார்.

மேனேஜருக்குப் பெருமை. "அப்டின்னா?"

"வயசானவங்களுக்கு வர்ற மந்தம் சார்."

மறுநாள் மேனேஜர் தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்தார்.

தேவிக்குத் தூங்கியதற்காக ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஆள் பற்றாக்குறையால் நான்கு நாளாக இரண்டு ஷிஃப்ட் பார்த்தவள். எழுப்பியதும் அழுதாள்.

"எழுதாதீங்க ஃபாதர். ஊட்டுல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன்."

"எழுதாம இருக்க முடியாது கண்ணு. ஆனா சரியா எழுதுவேன்." அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். 'சோபோர்' என்று எழுதினார்.

மேனேஜர் அதைச் செல்போனில் தேடினார். முகம் வெளுத்தது. "யோவ், நினைவு தப்புறதுக்கு முந்தின கட்டம்னு போட்டுக்கீதுய்யா! ஸ்ட்ரெச்சர் எங்கய்யா?"

"நான் நல்லாத்தான் கீறேன் சார்" என்றாள் தேவி, நின்றுகொண்டே.

"பேசாதம்மா, தெம்பு போயிடும்!"

மருத்துவமனையில் பரிசோதித்த டாக்டர், இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு இந்தப் பெண் நிற்பதே பெரிது என்று மேனேஜரைத்தான் திட்டினார்.

"வேணும்னுதானே அப்படி எழுதினீங்க?" என்று ஃபாதரிடம் கேட்டேன்.

"ஆளையே அடிச்சுப் போடற தூக்கத்துக்கு வேற இன்னா பேரும்மா? சோம்பேறின்னு எழுதினா பொய்யாயிடும்."

தேவி இப்போது ஒரே ஷிஃப்ட்தான் பார்க்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். ரிஜிஸ்டரில் தமிழ் அல்லது ஆங்கிலம் மட்டுமே எழுத வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது மெமோ ஃபாதருக்குப் போனது. அதிலிருந்த பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் லீவு போடுகிற நாட்களில், மதியம் எனக்கு மிகவும் நீளமாக இருக்கிறது.