அண்ணாச்சிக்கு நான் போட்ட 'வாஸ்'

விருதுநகர் ஜங்ஷனுக்குப் போயி ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும். அம்புட்டுதான் அன்னைக்கு எனக்கு வேலை.

ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருசம் ஆன சமயம். சிவகாசி தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டுல ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல நான் பில் போடுற ஆளு. ஓனரை நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். கம்பெனிக்குன்னு ஒரே ஒரு செல்போன். அதுவும் அண்ணாச்சி சட்டைப் பையை விட்டு இறங்காது.

வர்றது நாக்பூர் சேட்டு. பெரிய பார்ட்டி. அதுவரைக்கும் ஏஜென்ட் மூலமாத்தான் ஏவாரம். அண்ணாச்சி மூஞ்சி அவருக்குத் தெரியாது, அவர் மூஞ்சி அண்ணாச்சிக்குத் தெரியாது. "இந்தத் தடவை நேர்ல வாறேன், புது வெடியை வெடிச்சுப் பார்த்துட்டுத்தான் ஆர்டர்"னு சொல்லிட்டாரு. அந்த ஆர்டர் வந்தா சீசன் தப்பிச்சிரும். வரலைன்னா பாதிப் பேரை "நாளையில இருந்து வர வேண்டாம்"னு சொல்ற நெலம.

வழக்கமா இங்கிலீஷ் பேசுறது எங்க மேனேஜர் சார். அவருக்கு அன்னைக்குப் பார்த்து மெட்ராஸ் ஐ! ரெண்டு கண்ணும் பழுத்த தக்காளி.

"நான் போனா சேட்டுக்கும் ஒட்டிக்கிரும் அண்ணாச்சி"ன்னு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு குடோன் பக்கம் ஒதுங்கிட்டாரு.

அண்ணாச்சி என்னையப் பார்த்தாக.

"ஏலே, நீதான சாயங்காலம் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போற?"

"ஆமா அண்ணாச்சி."

"எம்புட்டு தூரம் படிச்சிருக்க?"

"ஐ ஆம், ஹீ இஸ், ஷீ இஸ், தே ஆர் எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப வாஸ் போய்க்கிட்டு இருக்கு."

"போதும்லே. இங்கன இருக்குற விருதுநகருக்கு அது போதும்."

அதான் தப்பு!

என் சந்தேகத்தை இங்கனயே சொல்லிர்றேன். கிளாஸ்ல மிஸ் போர்டுல எழுதும்போது, நாய்ன்னா "இஸ்" போட்டாக. பூனைன்னா "இஸ்" போட்டாக. ஆனா பெரிய பெரிய தேசத் தலைவர்கள் பேரை எழுதும்போது மட்டும் "வாஸ் எ கிரேட் மேன்"னு எழுதினாக.

நான் என்ன நினைப்பேன்? நம்ம ஊர்ல "இருக்கான்", "இருக்காக"ன்னு ரெண்டு இருக்குல்ல? அதே மாதிரி "இஸ்"ன்னா இருக்கான், "வாஸ்"ன்னா இருக்காக. மரியாதைக்கு வாஸ்! இதை நானே கண்டுபிடிச்சேன். மிஸ்கிட்ட கேக்கக் கூட இல்ல. அம்புட்டு நம்பிக்கை.

அம்பாசிடரை எடுத்துக்கிட்டு டிரைவர் செல்வண்ணனும் நானும் போனோம். சேட்டு நல்ல செவப்பு, நல்ல மனுசன். இறங்குனதும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. வண்டியில பின்னாடி ரெண்டு பேரும் உக்காந்தோம்.

திருத்தங்கல் ரோட்டுல திரும்புனதும் சேட்டு ஆரம்பிச்சாரு. "ஹவ் இஸ் யுவர் ஓனர்?"

எனக்கு சுருக்குன்னுச்சு. எங்க அண்ணாச்சிக்குப் போயி இஸ் போடுறாரே மனுசன்! சரி, வடக்கத்தி ஆளு, தெரியாது. நாம மரியாதையாச் சொல்லுவோம்.

"ஹீ"ன்னு ஆரம்பிச்சேன். ஹீன்னா அவன்னுல்ல வருது? நாக்கு கூசிருச்சு. அவுகன்னு சொல்லணும்னா தே.

"தே வெரி குட் மேன் சார்."

"தே? ஹவ் மெனி ஓனர்ஸ்?"

"ஒன் ஒன்லி சார். பட் பிக் மேன். ஸோ தே."

சேட்டு முழிச்சாரு. சரி, தே இவருக்கு வெளங்கலை. ஹீயே போடுவோம், அதுல குறையிற மரியாதையை வாஸ்ல ஈடு கட்டிருவோம்னு முடிவு பண்ணேன்.

"ஹீ வாஸ் எ குட் மேன் சார். ஹீ வாஸ் எ கிரேட் மேன்!"

சேட்டு மூஞ்சி அப்படியே மாறிருச்சு.

"வாஸ்?"

"யெஸ் சார். வாஸ்!" அழுத்திச் சொன்னேன். மரியாதைன்னா அழுத்தமா இருக்கணும்ல?

நெஞ்சுல கை வச்சுக்கிட்டாரு. "வென் டிட் ஹீ கோ?"

எப்பக் கிளம்பினாகன்னு கேக்காரு. கம்பெனிக்குத்தான். "டுடே மார்னிங் சார்."

"டுடே!"

"யெஸ் சார். இட்லி ஈட்டிங். தென் கான்."

"ஓ காட்! ஸோ சடன்!"

"நோ சடன் சார். டெய்லி இட்லி ஒன்லி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கர்ச்சீப்பை எடுத்தாரு. கண்ணைத் தொடைச்சாரு.

செல்வண்ணன் கண்ணாடியில பார்த்துட்டு மெதுவாக் கேட்டாரு. "ஏலே தம்பி, அந்த ஆளு எதுக்குலே அழுவுறாரு?"

"வெயில் தாங்கலண்ணே. நம்ம வெயில் கண்ணைக் கரிக்கும்ல."

கொஞ்ச நேரம் கழிச்சு சேட்டு கேட்டாரு. "ஹிஸ் வைஃப்?"

மதினியக் கேக்காரு! அண்ணாச்சி சம்சாரத்தை நாங்க மதினின்னுதான் சொல்லுவோம். அவுக எனக்கு வீட்டு ஆளு மாதிரி. உரிமையா இஸ்ஸே போடலாம்.

"ஷீ இஸ் வெரி ஹேப்பி சார்! ஷீ இஸ் மேக்கிங் கேசரி!"

சேட்டு என்னையப் பார்த்த பார்வை இருக்கே! நான் ஏதோ நல்லாப் பேசிட்டேன்னுதான் நினைச்சேன். அந்த ஜோர்லயே புரோகிராமையும் சொல்லிட்டேன்.

"ஆல் பீப்பிள் வெயிட்டிங் ஃபார் யூ சார். யூ கம், தென் வீ வில் டேக்."

"டேக்... ஹிம்?"

புது வெடியைத்தான் கேக்காரு. பட்டாசு எங்களுக்குச் சோறு போடுற சாமி. அதை "இட்"டுன்னு நாய் பூனையச் சொல்ற மாதிரி சொல்லலாமா? ஹிம்னு சேட்டே மரியாதை குடுக்காரு, நாம குறைப்பமா?

"யெஸ் சார்! ஹிம்! ஹிம் டேக் டு கிரவுண்ட். தென் ஃபயர். யூ ஃபயர் ஃபர்ஸ்ட் சார்."

"மீ?"

"யூ சார்! பிக் பார்ட்டி ஒன்லி ஃபயர். அவர் கம்பெனி கஸ்டம்."

சேட்டு கைய எடுத்துக் கும்பிட்டாரு. "இட் இஸ் மை ஆனர்"னாரு.

ஒரு வெடி வெடிக்கச் சொன்னதுக்கு மனுசன் இம்புட்டு உருகுறாரேன்னு எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

சிவகாசிக்குள்ள நுழையவும், "ஃப்ளவர் ஷாப்"னு வண்டிய நிறுத்தச் சொன்னாரு. ஆகா, அண்ணாச்சிக்கு மாலை வாங்கப் போறாரு! வடக்கத்தி ஆளுன்னாலும் முறை தெரிஞ்ச ஆளு!

பூக்கடைக்கார அக்கா கேட்டாக, "நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

நான் மொழிபெயர்த்தேன். "குட் ஆர் பேட் சார்?"

சேட்டு தலையை ஆட்டினாரு. "பேட். வெரி, வெரி பேட்."

"அக்கா, பூ நல்லா இல்லைங்காரு."

அக்காவுக்கு வந்துச்சே கோவம்! "எது நல்லா இல்ல? விடியக்காலம் வந்த ரோசாவை நல்லா இல்லைங்கானா? கண்ணு நொள்ளையா அவனுக்கு?" உள்ள போயி ஆளு உசரத்துக்கு ஒரு ரோசா மாலையைத் தூக்கிட்டு வந்தாக. "இதைச் சொல்லச் சொல்லு நல்லா இல்லைன்னு!"

அதை வச்சா டிக்கி மூடல. சேட்டு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாரு.

கம்பெனி வாசல்ல அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில பளிச்சுன்னு நிக்காக. "வாங்க வாங்க!"

சேட்டு மாலையை என் கையில குடுத்துட்டு நேராப் போயி அண்ணாச்சியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. முதுகைத் தட்டித் தட்டிக் குடுக்காரு. அண்ணாச்சிக்கு ஒண்ணும் புரியல. மரியாதைக்கு அவுகளும் தட்டிக் குடுத்தாக.

"பீ ஸ்ட்ராங்"னாரு சேட்டு. "பீ ஸ்ட்ராங்."

அண்ணாச்சி அவர் தோளு மேல இருந்து என்னைப் பார்த்து, "என்னலே சொல்றாரு?"

"காப்பி ஸ்ட்ராங்கா வேணுமாம் அண்ணாச்சி."

ஆபீஸுக்குள்ள போனோம். அங்கன அண்ணாச்சியோட அப்பா படம் பெருசா மாட்டியிருக்கும். சந்தன மாலை, சின்ன சீரியல் லைட்டு. சேட்டு படத்தைப் பார்த்தாரு. அப்படியே நின்னுட்டாரு. செருப்பைக் கழட்டினாரு. என் கையில இருந்த மாலையை வாங்கி, நாற்காலி மேல ஏறி, படத்துக்குப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. பொலபொலன்னு தண்ணி.

அண்ணாச்சி உருகிட்டாக. "எங்க அப்பா செத்து எம்புட்டு வருசமாச்சு! சொந்தக்காரனே மறந்துட்டான்! இந்த மனுசன் பார்த்தது கூட இல்லையேலே!" அவுகளும் அழுதாக. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக.

காப்பி வந்துச்சு. ரெண்டு பேரும் தொடல.

அப்பதான் மதினி வந்தாக. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில கேசரித் தூக்கு. சிரிச்ச முகம். "வாங்க! நல்லா இருக்கீகளா? ஒரு வாய் சாப்பிடுங்க."

சேட்டு ரெண்டடி பின்னால போயிட்டாரு! கேசரியப் பார்க்காரு, மதினியப் பார்க்காரு, படத்தைப் பார்க்காரு. அப்புறம் மெதுவா என் காதுல சொன்னாரு. "ஃபர்ஸ்ட் ஃபயர். தென் பாத். தென் ஈட்."

நான் சொன்னேன், "முதல்ல வெடியாம். அப்புறம் குளியலாம். அதுக்கப்புறந்தான் சாப்பாடாம்."

"வெடிச்சுட்டுக் குளிப்பாகளா அவுக ஊர்ல?"ன்னு மதினி கேட்டாக.

"சுத்தம் பார்க்குற ஆளு போல. நல்ல பழக்கந்தான்"னாக அண்ணாச்சி.

கம்பெனிக்குப் பின்னால பொட்டல். நடுவுல ஸ்டூல் போட்டு, அது மேல புது வெடிப் பெட்டி. பூ, சந்தனம், குங்குமம் எல்லாம் வச்சு ரெடி பண்ணியிருந்தோம். சேட்டு வெறுங்காலோட வந்தாரு. சுத்திமுத்திப் பார்த்தாரு.

"வேர் இஸ் ஹீ?"

நான் பெட்டியக் காட்டினேன். "ஹீ இஸ் தேர் சார்!"

சேட்டு பெட்டியப் பார்த்தாரு. ஒரு கேசரி டப்பா சைஸுதான் இருக்கும்.

"ஸோ ஸ்மால்?"

"ஸ்மால் பாக்ஸ் சார். பட் பிக் சவுண்ட்!"

ஊதுபத்தியப் பத்த வச்சு அவர் கையில நீட்டினேன்.

சேட்டு போட்ட சத்தத்துல குடோன்ல ஒதுங்கியிருந்த மேனேஜர் கறுப்புக் கண்ணாடியோட ஓடி வந்துட்டாரு. மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு, தள்ளி நின்னு, "சார், வாட் ஹேப்பன்ட்?"னு கேட்டாரு. சேட்டு மூச்சு விடாம இங்கிலீஷ்ல கொட்டினாரு. என்னையக் கை காட்டினாரு. பெட்டியக் கை காட்டினாரு. மதினியக் கை காட்டினாரு.

மேனேஜர் துண்டு விலகுறது கூடத் தெரியாம நின்னாரு. அப்புறம் அண்ணாச்சி பக்கம் திரும்பினாரு.

"அண்ணாச்சி, காலையில இட்லி சாப்பிட்டதும் நீங்க செத்துப் போயிட்டீகளாம்."

"யாருலே சொன்னது?"

எல்லாரும் என்னையப் பார்த்தாக. செல்வண்ணன் முதல்ல பார்த்தாரு.

"மதினி ரொம்ப சந்தோசமா இருக்காகன்னும் சொல்லியிருக்கான்."

"ஏலே!"ன்னாக மதினி. கையில கரண்டி இருந்துச்சு. நான் ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன்.

மேனேஜர் சேட்டுகிட்ட, "திஸ் இஸ் அவர் ஓனர் சார். அலைவ்!"னு சொன்னாரு. சேட்டு அண்ணாச்சியத் தொட்டுப் பார்த்தாரு. கன்னத்தைத் தொட்டாரு. அப்படியே வெறுந்தரையில உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சாரு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. அழுத கண்ணுல இருந்தே மறுபடி தண்ணி.

நான் அண்ணாச்சி வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வேலை போச்சு, ஆர்டரும் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அண்ணாச்சி தரையில சிரிச்சுக்கிட்டுக் கிடந்த சேட்டைப் பார்த்தாக. அப்புறம் சொன்னாக. "செத்துட்டேன்னு ஒருத்தன் நம்பியிருக்கான். நம்பி, என்னைய முன்னப் பின்னப் பார்க்காமலே அழுதிருக்கான். நான் நெசமாச் செத்தாக்கூட எந்தப் பார்ட்டிலே இப்படி அழுவான்?"

போயி சேட்டைக் கை குடுத்துத் தூக்கிவிட்டாக. சேட்டு ஊதுபத்தியை வாங்கி வெடியை வச்சாரு. பெட்டி சின்னதுதான். சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கே ஆர்டர் முடிஞ்சுது. சேட்டு குளிக்காமலே கேசரி ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. மதினி எனக்கு மட்டும் வைக்கல.

மறுநாள் கிளாஸ்ல கேட்டேன். "மிஸ், பெரியவுகளுக்கு வாஸ் போடக் கூடாதா?"

"உயிரோட இருக்குறவங்களுக்கு எதுக்குப்பா வாஸ்? இஸ் போடு."

"தலைவர்களுக்கு எல்லாம் வாஸ் போட்டீகளே?"

"அவங்க எல்லாம் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு!"

இதை ஒரு வாரம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

சேட்டு அதுக்கப்புறம் வருசா வருசம் ஆர்டர் குடுத்தாரு. போன் மட்டும் மேனேஜருக்குப் பண்ண மாட்டாரு. ஆபீஸ் லைன்ல என்னையத்தான் கேப்பாரு. நான் எடுத்ததும் ஹலோ கூடச் சொல்றதில்ல.

"ஓனர்... இஸ்?"ம்பாரு.

"இஸ் சார்"ம்பேன்.

அதுக்கப்புறந்தான் லோடு எத்தனைன்னு சொல்லுவாரு.