கண் திறந்த குதிரை

"குதிரைக்குக் கண்ணு வந்துருச்சும்மா," என்றார் பெரியகருப்பன்.

அன்புமொழி டீயை ஊதிக்கொண்டே, "வரட்டுமே. குதிரைன்னா கண்ணு இருக்காதா?" என்றாள்.

"சாப்புடப் போறப்ப இல்ல. வந்து பாத்தா முழிச்சுக்கிட்டு நிக்குது. நான் வைக்கல."

திருமயம் பக்கத்தில் தம் பூர்வீக வீட்டையே அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார் முருகப்பன். கலைஞர்களும் ஊர்க்காரர்களும் அங்கே கூடி எதையாவது செய்யும் பட்டறையை வருஷாவருஷம் நடத்துவது அன்புமொழியின் வேலை. இந்த முறை மண்சிற்பி பெரியகருப்பனோடு சேர்ந்து, ஆளுயரப் பச்சைமண் குதிரையை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அதை உடைத்து அள்ளிவிட வேண்டும். மறுநாள் அதே கூடத்தில் முருகப்பனின் பழைய கடிகாரங்கள் அடுக்கப்படும். கூடம் காலியாகாவிட்டால் இனிமேல் பட்டறையே கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார்.

"ஒடைக்க ஆளக் கூப்புடுங்கய்யா."

"கண்ணு தொறக்காத வரைக்கும் மண்ணு. தொறந்துட்டா அய்யனார் குதிரை. எவன் ஒடைப்பான்?"

"அப்ப நீங்களே கண்ண அழிச்சிருங்க."

"எங்கப்பாரு தொறக்கத்தான் சொல்லிக்குடுத்தாரு. மூடச் சொல்லித்தரல."

"சரி, யாரு வச்சது?"

"அதுவாத் தொறந்துக்கிருச்சு போல," என்றார் அடைக்கலமேரி. ஜெகதாப்பட்டினத்தில் மீன் வியாபாரம். போன வருஷப் பட்டறைக்கும் வந்து, ஒரு படகு செய்துவிட்டுப் போனவர்.

"அக்கா, நம்ம பட்டறையில செய்றதுதான் முக்கியம். செஞ்ச பொருள் முக்கியமில்ல. நான் சமாளிச்சுக்குறேன்," என்றாள் அன்புமொழி. தான் சமாளிக்க முடியாத சங்கதி இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் எண்ணம்.

"துணியப் போட்டுக் கண்ண மறைச்சிட்டா?" என்று அவளே கேட்டாள்.

"நல்ல யோசனம்மா. இந்தா," என்று அடைக்கலமேரி பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை உருவினார். சரிகைக் கரை மினுங்கியது. அன்புமொழி அதைக் குதிரையின் கண்ணை மறைத்து நெற்றியோடு சுற்றி இறுக்கினாள்.

வாசலில் எட்டிப்பார்த்த இருவர் செருப்பைக் கழற்றினார்கள்.

"பரிவட்டம் கட்டியாச்சு. பூசை எத்தன மணிக்குங்க?"

குதிரை தானாகக் கண் திறந்த சேதி பரவி, அரைமணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக் கூட்டமே உள்ளே வந்துவிட்டது. "கிட்டப் போகாதீங்க," என்று அன்புமொழி குறுக்கே கயிறு கட்டினாள். கயிறு கட்டியதும் வரிசை வந்தது. அங்கிட்டு ஆண்கள், இங்கிட்டுப் பெண்கள்.

"சூடம் கொளுத்தாதீங்க. மேல பூராத் தேக்கு," என்றாள். சூடத்தை மடியில் முடிந்துகொண்டு, அச்செடுக்க வைத்திருந்த வெள்ளை மாவை எடுத்துப் பூசிக்கொண்டார்கள்.

"அண்ணே, அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்."

"பாரிஸா இருந்தா என்ன, பழனியா இருந்தா என்ன. வேர்வ பட்டதும் நெத்தியில எப்புடி இறுகுது பாருங்க. சக்தியுள்ள சாமி."

அந்த நேரம் பார்த்து முருகப்பனின் கார் வந்து நின்றது.

அன்புமொழி முன்னே ஓடினாள். "சார், ஒரு மணி நேரத்துல கூடத்தக் காலி பண்ணிருவேன்."

அவர் வரிசையைப் பார்த்தார். அவருடைய அருங்காட்சியகத்துக்கு யாரும் இதுவரை வரிசையில் நின்று வந்ததில்லை. மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"எதக் காலி பண்ணப் போற?"

"குதிரைய, சார்."

"கண்ணு தொறந்ததயா? வெளங்குமா? கடிகாரமெல்லாம் மாடிக்குப் போகட்டும். இது இங்கனயே இருக்கட்டும். பட்டறைய அடுத்த வருசம் பத்து நாளா நடத்து."

கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரும் வரிசையில் போய் நின்றார்.

எப்படியோ சமாளித்துவிட்டோம் என்ற நிமிர்வோடு கொல்லைக் குழாய்க்குப் போனாள் அன்புமொழி. அங்கே அடைக்கலமேரி விரல் நுனியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு மை லேசில் போகவில்லை.

அன்புமொழி அந்த விரலையே பார்த்தாள். "ஏங்க்கா, நீங்க மாதா கோயிலுக்குப் போறவுக. ஒங்களுக்கு எதுக்கு அய்யனாரு?"

அடைக்கலமேரி கையை உதறிவிட்டுச் சேலையில் துடைத்தார்.

"போன வருசம் நான் செஞ்ச படகக் குப்பை வண்டியில ஏத்துனீகள்ல. இத ஏத்துங்க பாப்போம்."