மக்டலீனுக்கு நாடகம் கேட்க ஆசை

கொழும்புத்துறையில் என்னைப் போல் உறுதியான மனிதன் கிடையாது. தினமும் விடியற்காலையில் மூன்று மைல் நடப்பேன் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். சொன்னபடி நடந்தேன். நான்கு நாள்.

சும்மா வந்த ஆசை அல்ல. என் பிறஷரை அளந்த டொக்டர் கருவியைத் தட்டிவிட்டு இன்னொரு முறை அளந்தார். "சண்டையிலை பாதை பூட்டிக் கிடக்கு, மருந்துக் குளிசை இனி எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நடவுங்கோ," என்றார். என் மனைவி மக்டலீன் வீடு வரும்வரை என் கையை விடவில்லை. அவளுடைய தகப்பன் நாற்பத்தொன்பது வயதில், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து இறந்து போனவர். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு.

ஐந்தாம் நாள் கால் வலித்தது. ஆறாம் நாள் கால் வலிக்கவில்லை, மனம் வலித்தது. ஏழாம் நாள் புறப்பட்டுப் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த யாகோப்பு அண்ணையின் வள்ளத்துக்குள் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, வள்ளத்துக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை அள்ளி பெனியனில் தெளித்துக்கொண்டேன். வியர்வையும் உப்பு, கடலும் உப்பு. யாருக்குத் தெரியப் போகிறது?

"நடந்தனீங்களோ?"

"பார், தோய்ஞ்சு போய் நிக்கிறன்."

மக்டலீன் கிட்ட வந்து என் தோளில் ஒட்டியிருந்த எதையோ விரலால் எடுத்தாள்.

"வேர்வையோடை இறால் காலும் வருமோ?"

இனி வீடு இரண்டுபடும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் நடையைப் பற்றியே கேட்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ரேடியோவும் கையுமாக வந்து நின்றாள்.

மின்சாரம் போய் இரண்டு வருடம். பற்றறி கண்ணில் காண முடியாத பொருள். ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ரான்டில் நிறுத்தி யாராவது ஏறி மிதிக்க வேண்டும். சில்லுச் சுற்றினால் டைனமோ சுற்றும். டைனமோ சுற்றினால் ரேடியோ கதைக்கும்.

"இஞ்சாருங்கோ, ஐஞ்சரைக்கு ஒரு நாடகம் போகுதாம். எனக்குக் கேக்க ஆசையாக் கிடக்கு."

"நடக்கச் சொல்ல மாட்டியே?"

"நீங்கள் ஏன் நடக்கிறியள்? இருந்துகொண்டு மிதிச்சால் காணும்."

இருபது வருடத்தில் அவள் என்னிடம் ஆசை என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. உருகிப் போனேன். நடையிலிருந்தும் தப்பியாயிற்று. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

நாடகத்தில் பத்மாவதி என்று ஒரு மருமகள். அவளுக்கு ஒரு மாமி. மாமி சீறும்போது என் கால் தளர்ந்தால் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

"கெதியா, கெதியா! பத்மாவதி அழுறாள்!"

"அவள் அழட்டும். எனக்கு மூச்சு வாங்குது!"

"ஏன் அழுறாள் எண்டு தெரிய வேண்டாமோ?"

தெரியத்தான் வேண்டும். மிதித்தேன்.

"இனிப் பாட்டுத்தானே, இறங்கட்டோ?"

"பாட்டை விடுறதோ? மெல்ல மெல்ல மிதியுங்கோ."

இப்படி ஏழு கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம். வயிறு வற்றி, கட்டிய சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது. பிறகு ஒருநாள் டொக்டரிடம் போனோம்.

"பிறஷர் நல்லா இறங்கியிருக்கு. ஒழுங்கா நடக்கிறியள் போலை."

"ஒரு அடியும் நடக்கேல்லை, டொக்டர்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "இவவுக்கு ரேடியோ கேக்க அரை மணித்தியாலம் சைக்கிள் மிதிக்கிறன். அவ்வளவுதான்."

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. மக்டலீனைப் பார்த்துச் சிரித்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதே தொடங்கினேன்.

"உனக்கு நாடகத்திலை ஆசையே இல்லையோ?"

"உந்த மாமியின்ரை குரல் கேட்டாலே எனக்குத் தலையிடி."

"ஏழு கிழமையா என்னை ஏமாத்தினனீ!"

"ஓம், ஏமாத்தினனான்தான்." அவள் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "அப்பாவைக் கரையிலையிருந்து தூக்கிக்கொண்டு வரேக்கை நானும் ஒரு கை பிடிச்சனான். உங்களையும் அப்பிடித் தூக்க என்னாலை ஏலாது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவள் என்மேல் வைத்திருந்த அன்புக்கு நான் தெளித்துக்கொண்டு வந்தது வள்ளத்துத் தண்ணீர். வெட்கமாக இருந்தது. இந்த மனிசிக்காகத் தூரத்துப் பண்டத்தரிப்பு வரைக்கும் மிதிக்கலாம் போலவும் இருந்தது.

மணி ஐந்தரை ஆகப் போனது. சைக்கிளை ஸ்ரான்டில் ஏற்றி உட்கார்ந்தேன்.

"இண்டையிலையிருந்து உனக்காக மட்டும்தான் மிதிக்கப்போறன்," என்றேன் மிகப் பெருந்தன்மையாக.

மக்டலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைத் திருகினாள்.

"எனக்காகவோ? நேற்றுப் பத்மாவதியின்ரை கையிலை மாமியின்ரை பெட்டிச் சாவி அம்பிட்டதிலையிருந்து, 'பெட்டிக்குள்ளை என்னவாம்? பெட்டிக்குள்ளை என்னவாம்?' எண்டு நித்திரையிலையும் புலம்பினது ஆர்? கெதியா மிதியுங்கோ, திறக்கப்போறாள்!"