நான் பூக்காரியாக நடித்த காலை

எனக்கு நடிக்க வரும் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். வெகுநாள் வரை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மகாராஜா காலத்து மைசூரில் படப்பிடிப்பு. அதற்கு முந்தைய ஏழு படங்களில் நான் செய்ததெல்லாம் கழுத்து நிறைய நகையோடு மாடிப்படி இறங்கியதுதான். (நன்றாகவே இறங்குவேன்.) இந்தப் படத்தில் ஓர் ஏழைப் பூக்காரி வேடம் இருந்தது. அதைச் செய்தால்தான் ஊர் என்னை நடிகை என்று சொல்லும் என்று தோன்றியது. ஒரு வாரம் டைரக்டரை நச்சரித்தேன். கடைசியில் அவர், ஒரு காலைப்பொழுது தேவராஜ மார்க்கெட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் பூ விற்றுக் காட்டினால் வேடம் எனக்கே என்றார்.

அங்கே பூ விற்கும் கொள்ளேகால் பக்கத்து மாதம்மா தன் கடையையும் ஒரு பழஞ்சேலையையும் கொடுத்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம் என்று மல்லிகைச் சரத்தை அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, வெற்றிலை போட ஒதுங்கினாள். எதிரே வாழைப்பழக் கடையில் டைரக்டர்.

அரை மணி நேரம் ஒருவரும் என்னை அடையாளம் காணவில்லை. பூரித்துப் போனேன். (ஒருவர்கூடவா என்று கோபமும் வந்தது.) பிறகு ஒரு மாமி வாங்கிப் போனாள், நாலு பேரோடு திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரே கூட்டம். பக்கத்துக் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தழுதழுக்க வைத்தேன், இல்லாத குழந்தைக்காகக் கண் கலங்கினேன். சனம் இன்னும் முண்டியது. வரிசையில் டைரக்டரே வந்து நின்றதும் வேடம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாதம்மா திரும்பி வந்து காலிக் கூடையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள்.

"நடிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. உங்க கை என்ற கையைவிட நாலு விரல் நீளமுங்க. அதான் இத்தனை சனம்."

டைரக்டர் தரையைப் பார்த்தார். வீட்டுக்கு ரெண்டு முழம் வாங்கலாம் என்றுதான் தானும் நின்றதாக ஒப்புக்கொண்டார்.

ஜட்காவில் திரும்பும்போது நிஜமாகவே அழுதேன். அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். அந்த அழுகையை அவர் பார்த்திருந்தால் வேடத்தைக் கொடுத்திருப்பார். பூக்காரியாக வேறொருத்தி நடித்தாள். அவளிடம் பூ வாங்கும் பணக்காரியாக, கழுத்து நிறைய நகையோடு, நான். எனக்கு ஒரே வசனம்: ஒரு முழம் கொடு.

அதன் பிறகு அழுகை வேடங்கள் சில கிடைத்தன. பரிசுகூட ஒன்று உண்டு. வீட்டில் அது செல்லாது. வாசலுக்குப் பூக்காரி வந்தால் இன்றும் என் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அம்மா, கொஞ்சம் வந்து நடிச்சுட்டுப் போ."

நானும் போய், முழம் அளக்கக் கையை நீட்டுவேன்.