மூன்றாம் மாடி உணவுச்சங்கிலி

அன்பையும் அதட்டலையும் ஒரே கரண்டியில் பரிமாறும் அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் குறட்டையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்காக மாடி அறையை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறாய். டிக்கெட்டோடு வந்த செய்தி: “சண்டே வாங்க மாமா.” அவ்வளவுதான். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? “ஒத்தையில கெடந்து என்னத்தைச் சாதிக்கிறான்? பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து சேரச் சொல்லு” என்று தொடங்கி, சின்ன வயதில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது வரைக்கும் நூறு வார்த்தை சொல்லியிருப்பாய். உன் பெரியவன் அதைப் பத்தாகச் சுருக்கிப் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அதை இன்னும் சுருக்கி எனக்கு அனுப்பினாள். அதனால்தான் நடுவில் ஆள் வைக்காமல் நேராக எழுதுகிறேன். அக்கா, நான் வரமுடியாது. இங்கே என்னை நம்பிப் பல ஜீவன்கள் இருக்கின்றன. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

எல்லாம் ஓர் அம்பினால் வந்தது. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போட்டு இருபத்தாறு வருஷமாகப் பிழைப்பை ஓட்டுகிறேன் அல்லவா, நான் வரைந்த இதயம் எட்டாம் வகுப்பிலும் நுரையீரல் ஏழாம் வகுப்பிலும் இருக்கிறதே, அதே வரிசையில் ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு உணவுச்சங்கிலி வரையச் சொன்னார்கள். வழக்கம்போலப் புல், மான், புலி. வழக்கம்போலப் புலியிடமிருந்து மானுக்கு ஓர் அம்பு, மானிடமிருந்து புல்லுக்கு ஓர் அம்பு. பாய்கிறவர் பக்கமிருந்துதானே அம்பு கிளம்ப வேண்டும்? மறுநாள் பதிப்பாசிரியர் அம்மா போன் பண்ணினார். புதிதாக வந்தவர், எதையும் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்.

“சார், உங்க படத்துல மான் புலியைச் சாப்பிடுது.”

“நல்லாப் பாருங்கம்மா, புலிதான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.”

“பல்லு கிடக்கட்டும் சார். யாரு யாரைத் துரத்தறாங்கன்னு காட்டறதுக்கு இல்ல அம்பு. சத்து யாரு வயித்துக்குப் போய்ச் சேருதுன்னு காட்டறதுக்கு. முனை சாப்பிடறவங்க பக்கம் இருக்கணும்.”

“இருபத்தாறு வருஷமா யாரும் சொல்லலியேம்மா!”

“அப்போ இருபத்தாறு வருஷமா புல்லு மானைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு சார்.”

உன் பெரியவனும் அந்தப் புத்தகத்தில் படித்தவன்தான் அக்கா. அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாயே, பதில் கிடைத்துவிட்டது.

“புலியை நேர்ல பாத்திருக்கீங்களா? இல்லைல்ல? உங்க வீட்டுலயே ஒரு பூந்தொட்டி இருக்கும், அதைப் பாத்து வரைங்க” என்று சொல்லிவிட்டார். இருக்கிறது ஒரு பூந்தொட்டி. என் வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போன செம்பருத்தி. அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதன் பக்கமே நான் போனதில்லை, தண்ணீர் ஊற்றுவதைக்கூட சன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டித்தான் செய்வேன். இப்போது தொழில் நிமித்தம் முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அடேயப்பா, என்ன கூட்டம்! செடி பாட்டுக்கு வெயிலைத் தின்கிறது, செடியைச் செடிப்பேன் உறிஞ்சுகிறது, செடிப்பேனைப் பொறிவண்டு பொறுக்குகிறது, பொறிவண்டு சிலந்தி வலையில் மாட்டுகிறது, சிலந்தியைப் பல்லி முழுங்குகிறது, நான் பென்சிலைச் சீவுவதற்குள் எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை பல்லிமேல் பாய்ந்துவிட்டது. கிடைத்தது வால் மட்டும். வாலோ துடிக்கிறது, பூனையோ அதைப் பார்த்து முழிக்கிறது. பதிப்பாசிரியர் அம்மாவிடம் சொன்னேன். “சரிதான் சார், ஒவ்வொரு படியிலயும் ஏறக்குறைய பத்துல ஒண்ணுதான் மேலே போகும். மிச்சமெல்லாம் ஓடி ஆடி உசிரோட இருக்கறதுலயே சூடாப் போயிடும்” என்றார். அப்போதுதான் உன் நூறு வார்த்தை எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கியது.

வாலைத் தின்று ஒரு பூனைக்குப் பசி ஆறுமா? இந்த இடத்தில் உன்னிடம் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும், கோபிக்காதே. நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். வேண்டுமென்று இல்லை. தம்ளர் அரிசிப் பாத்திரத்துக்குள் ஒரு தடவை போய்வருகிறது, நான் வேறெங்கோ பார்க்கிறேன், இரண்டாம் தடவையும் போய்வந்துவிடுகிறது. கைக்கு மட்டும் செய்தி சேரவில்லை போலிருக்கிறது. ஆக மிஞ்சுகிற சோறு பூனைக்கு. பூனை விட்டது புறாவுக்கு, புறா சிந்தியது எறும்புக்கு. இப்படிக் குடும்பம் பெருத்துவிட்டது. தின்ற புறா சும்மா போகுமா? முதல் மாடியில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் காயப்போட்ட வெள்ளைச் சட்டைமேல் தன் நன்றியைத் தெரிவித்துவிட்டுப் போயிற்று.

செயலாளருக்கு இந்தக் கட்டடத்தில் புலி என்று பெயர். புதன்கிழமை மத்தியானம் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

“இது வீடா, மிருகக்காட்சி சாலையா? விதி பதினேழு என்ன சொல்லுது தெரியுமா?”

“உள்ளே வந்து சொல்லுங்க, தெருவுக்கே கேக்குது.”

“விதி பதினேழு, பால்கனியில எந்த விதமான...” என்று ஆரம்பித்தவர் மூக்கை உயர்த்தினார். “என்ன அது, பூண்டு வதக்குற வாசனை?”

“ஆமா. சாப்பிடறீங்களா?”

“நான் புகார் குடுக்க வந்திருக்கேன்.”

“சாப்பிட்டுட்டுக் குடுங்க.”

அவர் சட்டையை நாற்காலியில் தொங்கவிட்டார். “சம்சாரம் மகளோட பிரசவத்துக்குப் போயிருக்கா. மூணு வாரமா ரொட்டியும் ஜாமும்தான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு புலி சாப்பிட்டது அக்கா! மூன்று முறை சோறு கேட்டது. போகும்போது விதி பதினேழைச் சரியாக ஆராய வேண்டியிருப்பதால் ஒவ்வொரு புதன்கிழமையும் நேரில் வந்து பார்வையிடுவதாக எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிற்று. அன்றைக்கு ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் இரண்டாவது தட்டைக் கழுவினேன். அதற்கென்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது சொல். நான் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினால் செடி வாடும். செடி வாடினால் செடிப்பேன் இல்லை, பொறிவண்டு இல்லை, பல்லிக்கு வால் முளைக்கத் தெம்பு இருக்காது, பூனை தெருவுக்குப் போகும், செயலாளர் ரொட்டிக்குத் திரும்புவார். இத்தனை பாவத்தையும் சுமந்துகொண்டு உன் வீட்டு மாடியில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஆகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கட்டிலை அத்தானுக்குக் கொடு. குறட்டை மாடிக்குப் போனால் உனக்கும் நிம்மதி.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். பெரியவனுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், சொன்னாலும் பத்தில் ஒன்றுதான் சேரும்.

என்றும் உன் திட்டுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பி.கு.: மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதி ஒட்டினேன். படத்தைக் கொடுக்கப் பதிப்பாசிரியர் அம்மாவின் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கும்படி ஆகிவிட்டது. இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “அம்பெல்லாம் அருமை சார். ஆனா நடுவுல கண்ணாடி போட்ட ஆள் ஒருத்தர் முக்காலியில உக்காந்திருக்காரே, பூனை, புறா, செயலாளர், எல்லார்கிட்டேருந்தும் அம்பு அவர் பக்கம் வருதே? சோறு போடறவர் அவர்தானே? திருப்பிப் போடணும்.” பழக்கதோஷம் என்று சொல்லி ரப்பரை எடுத்தேன். எடுத்தவன் அழிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “புத்தகத்துக்கு இவர் வேண்டாம் சார். இவர் இல்லாமலே சங்கிலி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, கத்தரிக்கோலால் அந்த ஆளை மட்டும் பத்திரமாக வெட்டி என் கையில் கொடுத்துவிட்டார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் சொன்னது சரியாக இருக்கிறது. மழை பெய்து செம்பருத்தி இரண்டு மொட்டு விட்டிருக்கிறது. பூனை இரண்டாம் மாடியில் ஓர் அம்மாள் மடியில் படுத்துக்கொண்டு, நான் கேள்விப்படாத ஒரு பெயருக்கு வாலை ஆட்டுகிறது. புறாக்கள் எதிர்க் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டன. செயலாளர் புதன்கிழமை நான்காம் மாடியைப் பார்வையிட்டிருக்கிறார். யாரும் பட்டினி இல்லை அக்கா. ஊரிலிருந்து வந்த அன்றும் இரண்டு தம்ளர் உலை வைத்தேன், பால்கனியில் வைத்துவிட்டு முக்காலியில் காத்திருந்தேன். எறும்புகூட வரவில்லை.

ஆகவே டிக்கெட்டை ரத்து செய்யாதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவதாக உத்தேசம். மாடி அறைச் சன்னலில் வெயில் விழுமா என்று பார்த்துவை. செடிப்பேனும் கூட வருகிறது, பிரிக்க மனசு வரவில்லை. அன்றைக்கு உலையில் ஒரு தம்ளர் கூடப் போடு. செடிப்பேனுக்கு இல்லை.