மழைக்காலத்தில் கத்துகிற பாம்பு

எனக்குத் தவளை என்றால் பயம். சின்னப் பயம் இல்லை. கைகால் வெலவெலத்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பெற்ற தாயையே தள்ளிவிட்டு ஓடுகிற பயம். (சத்தியமாகத் தள்ளிவிட்டிருக்கிறேன். அம்மா இன்னும் முழங்கைத் தழும்பைக் காட்டுவாள்.)

அதனாலேயே, தவளை பார்க்க ஏற்ற காலம் எது என்று கேட்டால் என்னைப் போலத் துல்லியமாகச் சொல்ல ஆள் கிடையாது. ஆசையாய்ப் பார்க்கிறவனுக்கு ஒரு மாதம் தப்பினால் மோசமில்லை. எனக்கு உயிர் போய்விடும். சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை பெய்தால், மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் அன்று சாயங்காலமே எழுந்து வரும். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் புளியங்குடிப் பக்கத் தோப்புகளில் கால் வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகைதான் உச்சம். குளம், வயல், வாய்க்கால், வாசல்படி என்று ஓர் இடம் பாக்கி இருக்காது. மாசி, பங்குனியில் எல்லாம் காய்ந்து கிடக்கும். அப்போதுதான் நான் மனிதனாக நடமாடுவேன்.

என் கல்யாணத்தையே மாசியில்தான் வைக்கச் சொன்னேன். பெண் வீடு சங்கரன்கோவில். "மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் அவசரம்" என்று சிரித்தார்கள். ஆனால் தலைதீபாவளி ஐப்பசியில் வரும் என்று இந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

போகாமல் இருக்கலாமா என்றால், அதற்கும் வழியில்லை. என் மாமனார் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போனபோது அவர் காட்டுக் கதைகளைச் சொல்ல, நானும் சும்மா இராமல், "எனக்கு எந்த ஜீவராசியைக் கண்டும் பயமில்லை, மாமா" என்று அளந்துவிட்டேன். கதவோரம் நின்ற கல்யாணப் பெண் கோமதி அதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றத்தான் எட்டு மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் மாமியார் என் தலையில் எண்ணெய் வைத்து, கொல்லைப்புறக் குளியலறைக்கு அனுப்பினார். துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூலை, வாளி, கூரை எல்லாவற்றையும் சோதித்தேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒரு செம்பு வெந்நீர் ஊற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தாழ்ப்பாளின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

என்னையே பார்த்தது. தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளைத் தொட வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். வேறு வழியில்லை, ஜன்னலும் இல்லை. செத்தோம் என்றே நினைத்தேன்.

கத்த வேண்டும். ஆனால் 'தவளை' என்று கத்தினால் மானம் போய்விடுமே! கொஞ்சம் கௌரவமான மிருகமாக இருக்கட்டும் என்று, "பாம்பு! பாம்பு!" என்று அலறினேன்.

எங்கள் ஊராக இருந்தால் நாலு பேர் கம்போடு வந்து கதவை உடைத்திருப்பார்கள். இது சங்கரன்கோவில். பாம்பைச் சாமியாகக் கும்பிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிற ஊர்.

"ஏ யாத்தே!" என்றார் மாமியார். "கோமதி, மஞ்சளும் சூடமும் எடுத்துட்டு வாட்டி! தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையப் பாக்க வந்திருக்கு!"

"அத்தை, கதவை உடைங்க!"

"ஐயையோ, அதைத் தொந்தரவு பண்ணப்பிடாது. நீங்க அசையாம நின்னு கும்பிடுங்க. அதுவாப் போயிரும்."

வெளியே தெருவே கூடிவிட்டது தெரிந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி மணியடிக்க ஆரம்பித்தார். நான் துண்டோடு நடுங்கிக்கொண்டு, ஒரு தவளையைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். (மனப்பூர்வமாகத்தான் கும்பிட்டேன்.)

"எங்கன இருக்கு, மாப்பிள்ளை?" மாமனார் குரல்.

"தாழ்ப்பாள் மேல."

"தாழ்ப்பாள் மேலயா? எம்புட்டு நீளம்?"

பயத்தில் பொய் வரவில்லை. "கட்டைவிரல் அளவு, மாமா."

மணி நின்றது. அந்த அமைதியில் அது தொண்டையை உப்பவைத்து, "கொர்ர்ர்" என்றது. கத்திவிட்டு என் மார்பில் தாவியது. என் எண்ணெய் உடம்பு, அதன் குளிர்ந்த வயிறு. அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. கதவுதான் சொல்ல வேண்டும். கீலோடு பெயர்ந்து அது கீழே கிடந்தது, நான் அதன் மேல் கிடந்தேன், சூடத்தட்டோடு தெரு ஜனம் என்னைச் சுற்றி நின்றது. கோமதி குனிந்து என் தோளிலிருந்த தவளையை இரண்டு விரலால் எடுத்தாள்.

நான் அழுதேன். கல்யாணமான ஆண்பிள்ளை, விக்கி விக்கி அழுதேன்.

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி, "தவளையால்லா இருக்கு!" என்று தொடங்கினார். மாமியார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை பாம்புன்னு சொல்லுதாருல்லா? அப்பம் பாம்புதான். எல்லாரும் விழுந்து கும்பிட்டுட்டுப் போங்க."

கோமதி அன்று சிரித்த சிரிப்புக்கு முன்னால், நான் காப்பாற்றிய சிரிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை.

பத்து வருஷமாகிவிட்டது. என் மரியாதையை முன்னிட்டு அந்த வீட்டில் தவளையை யாரும் தவளை என்று சொல்வதில்லை. முதல் மழை விழுந்ததும் மாமனார் போன் செய்வார்: "பாம்பு கத்த ஆரம்பிச்சிட்டு, மாப்பிள்ளை. நாலு நாள் கழிச்சு வாங்க."

போன வாரம் என் மகளின் பள்ளி நோட்டில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்: "பாம்பு ஐப்பசியில் 'கொர்ர்' என்று கத்தும் என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால், அப்பா நேரில் பார்த்திருக்கிறார் என்கிறாள். பெற்றோர் கையொப்பம் தேவை."

கோமதி பேனாவை நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.